நாலு விரக்கடைக் காத்து

எங்க ஊருக்கு ஒரு காத்து வந்து, பதினாறு நாள் குறைய ஒரு வருசம் குடியிருந்துட்டுப் போச்சு. நாலு விரக்கடை அகலம், ஒரு விரக்கடை கனம், ரிப்பனை இழுத்துப் பிடிச்சாப்புல நெஞ்சு உசரத்துல நேரா ஓடும், ராத்திரி பகல் நிக்காது. சித்திரை வெயில்லயும் குளுந்துதான் இருக்கும், ஏன்னா அது எங்க ஊர்க் காத்தே இல்ல, நாலாயிரம் அடிக்கு மேல மேகத்துக்குப் பக்கத்துல கிடந்த காத்து. அது எப்படி வந்துச்சுன்னு கேட்டா பூசாரி ஒண்ணு சொல்லுவாரு, மருந்துக்கடைக்காரரு ஒண்ணு சொல்லுவாரு. அதையெல்லாம் விடுங்க, நான் சொல்றேன். அந்தக் காத்துக்கு வழி விட்டதுல பாதி என் வாய்தான்.

என் பேரு சுடலைவடிவு. கல்லுப்பொத்தை ஓடுதளத்துல ஆடு, மாடு, மயில் விரட்டுறது என் உத்தியோகம். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. வெள்ளைக்காரன் சண்டைக்காகப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டுப் போன ரோடு அது, ரெண்டு பக்கமும் உடைமுள்ளு, நடுவுல தாரு. மயிலுக்கு அதைப் பாத்தா போதும், விமானம் கிளம்புற நேரம் பாத்துக் குறுக்க வந்து தோகையை விரிச்சிட்டு நிக்கும், நான் தகர டப்பாவைத் தட்டிக்கிட்டு ஓடணும். பறக்கும் கிளப்புன்னு போர்டு தொங்குமே தவிர, கொட்டகையில நிக்கிறது நாலே நாலு குட்டி விமானம், எல்லாம் முதலாளிமாரு சொந்தமா வாங்கி வச்சிருக்கிறது. அதுகளுக்கு வைத்தியம் பாக்குறவரு சொர்ணலிங்கம் சார். லைசென்சு உள்ள எஞ்சினியர், அவரு கையெழுத்துப் போட்டாத்தான் எதுவும் தரையை விட்டுக் கிளம்பும்.

குட்டி விமானத்து எஞ்சினுக்கு, பஸ்ஸுக்கு ஊத்துற மாதிரி தண்ணி ஊத்துற வேலை கிடையாது. காத்துதான் அதைக் குளுத்தணும். முன்னால காத்தாடிக்கு ரெண்டு பக்கமும் மூக்கு ஓட்டை மாதிரி ரெண்டு வாய் இருக்கும், அது வழியா உள்ள போற காத்து சிலிண்டருக்கு ஊடால இறங்கி, சூட்டை வாங்கிக்கிட்டுக் கீழ வெளியே போகணும். ஆனா காத்துக்கு என்ன புத்தி, சுளுவான வழி எதுவோ அதுலதான் போகும். அப்படிப் போகவிடாம எஞ்சினைச் சுத்தி அலுமினியத் தகடு வச்சு அடைச்சிருப்பாங்க, தகட்டு விளிம்புல ரப்பர் பட்டை, அந்தப் பட்டை மேல்மூடியோட ஒட்டிக்கிட்டு உக்காரணும். சார் அதை பேஃபிள்னு சொல்லுவாரு, நான் வரப்புன்னு சொல்லுவேன். வரப்புல ஒரு எலிப்பொந்து இருந்தாப் போதும், பாச்சுன தண்ணியெல்லாம் அது வழியா ஓடிக் கடைசிப் பாத்தி காய்ஞ்சு போகுமில்லையா, காத்துக்கும் அதே கணக்குதான்.

அந்த வரப்பைச் சார் பாத்துக்கிட்ட மாதிரி பெத்த பிள்ளையைக் கூட யாரும் பாத்துக்கிட மாட்டாங்க. தகட்டுல மயிரிழை விரிசல் தெரிஞ்சா அதோட நுனியில சின்னதா ஒரு ஓட்டை போட்டு, விரிசல் மேற்கொண்டு ஓடாம நிறுத்துவாரு. காய்ஞ்சு போன ரப்பரைக் கிழிச்சுப் போட்டுப் புதுசு வச்சு அடிப்பாரு, இடுக்குல சிவப்புப் பசையைப் பிதுக்கி விரலால தடவுவாரு. அப்புறம் கொட்டகைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிட்டு, உள்ள பல்பை எரியவிட்டு எங்கயாவது வெளிச்சம் ஒழுகுதான்னு குனிஞ்சு குனிஞ்சு பாப்பாரு. மூடியைப் போட்டுத் திருகின பின்னாடியும் ஒரு வேலை பாக்கி இருக்கு. மூடி இறங்கும்போது சில நேரம் ரப்பர் பட்டை பின்னால மடங்கிரும். முன்னால சாய்ஞ்சிருந்தா, வர்ற காத்தே அதை அமுக்கி அடைச்சுக்கும். பின்னால மடங்கிட்டா, அதே காத்து அதைத் தள்ளித் திறந்துக்கிட்டு ஓடிரும். வெளியே நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. அதனால முன் வாய் வழியா தோள்பட்டை வரைக்கும் கையை உள்ள விட்டு, விரலாலயே பட்டையைத் தடவிப் பாக்கணும். சினை மாட்டுக்குக் கை விட்டுப் பாக்குற டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கிட்டு, வாயைத் திறந்துக்கிட்டு சார் நிக்கிறதைப் பாத்தா எனக்குச் சிரிப்பு முட்டும். என்ன சார், காளையா கிடாரியான்னு கேப்பேன். கை வெளியே வரும்போது கக்கம் வரைக்கும் கரியும் எண்ணெயுமா வரும்.

மில்லு முதலாளி ஒருத்தரோட வெள்ளை விமானத்தை ஓட்டுறதுக்கு வந்த பிள்ளைதான் தமயந்தி. இருபத்தேழு வயசு, பஸ் டிரைவர் மக. அவ அப்பா குருநாதன் முப்பத்தோரு வருசம் அரசாங்க பஸ் ஓட்டி ஒரு கோழிக்குஞ்சு மேல கூட ஏத்தினதில்லைன்னு அவ சொல்லும்போது, அவளே அந்த பஸ்ஸை ஓட்டின மாதிரி பெருமையா இருக்கும். மூணு நிமிசத்துக்கு ஒரு தடவை எஞ்சின் சூட்டைக் காட்டுற மீட்டர் முள்ளைப் பாக்கணும்னு சின்ன வயசுலயே அவளை பானெட்டு மேல உக்காரவச்சுச் சொல்லிக்கொடுத்தாராம். கிளம்புறதுக்கு முந்தி ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, வடிவக்கா, உங்க மயிலெல்லாம் வீட்டுக்குப் போயிருச்சான்னு கேப்பா. போயிருச்சு தாயி, நீ போன்னு நான் டப்பாவை ஆட்டுவேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையில வெள்ளனே வந்து நிப்பேன்.

போன வருசம் பங்குனியில, ஒரு வியாழக்கிழமை, சாரோட தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். சார்தான் தாய்மாமன், முகூர்த்தத்துக்கு அவரு போய்ச் சீர் வைக்காம ஒண்ணும் நடக்காது. அன்னைக்குன்னு பாத்து அந்த வெள்ளை விமானம் கிளம்பணும்னு முதலாளி போன் மேல போன். மொத நாளே வரப்பெல்லாம் புதுப்பிச்சாச்சு, மூடி போடுறதுதான் பாக்கி. காலையில சார் கல்யாணத்துக்கு உடுத்தின கோலத்துலயே வந்துட்டாரு, சரிகைக்கரை வேட்டி, பளீர்னு வெள்ளை முழுக்கைச் சட்டை. மூடியைத் தூக்கி வச்சுத் திருகினாரு. அப்புறம் வலது கைப் பட்டனைக் கழட்டிக் கையை மடிக்க ஆரம்பிச்சாரு. தூரத்துல பஸ் ஆரன் கேட்டுச்சு.

"சட்டை அழுக்காயிரும் சார், பஸ்ஸு வந்துருச்சு," நான் சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவரு ஒரு நிமிசம் அந்த ஓட்டையைப் பாத்தாரு, சட்டையைப் பாத்தாரு, பட்டனைத் திரும்பப் போட்டுக்கிட்டாரு. புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடினாரு. தமயந்தி வந்தா, மயிலு போயிருச்சான்னு கேட்டா, நான் டப்பாவை ஆட்டினேன். நாப்பது நிமிசம் கழிச்சுத் திரும்பி வந்தா, ஆனா எஞ்சின் சத்தம் வரல, வெறும் வெள்ளை மட்டும் சறுக்கிக்கிட்டு வந்துச்சு. ஓடுதளத்துக்கு வர முடியல. சார் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கண்மாய்க்குள்ள, காய்ஞ்ச தரையில போய் விழுந்துச்சு. நான் ஓடிப் போய்ச் சேரும்போது மயிலெல்லாம் அகவிக்கிட்டு இருந்துச்சுங்க, அவ உசுரோட இல்ல.

மேலிடத்துல இருந்து மூணு பேரு விசாரிக்க வந்தாங்க. நாலாவது சிலிண்டர் சூட்டுல வெந்து வெடிச்சிருக்கு, செங்குத்தா ஏத்தியிருக்கா, முள்ளைக் கவனிக்கல, ஓட்டினவளோட கவனக்குறைவுன்னு எழுதினாங்க. விழுந்ததுல எல்லாமே மடங்கிக் கிடந்துச்சு, எது முந்தி மடங்குனது எது பிந்தி மடங்குனதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும். எல்லாம் சரியாப் பாத்தீங்களான்னு சாரைக் கேட்டாங்க. பாத்தேன்னு சொன்னாரு. மயில் விரட்டுறவளை யாரும் கேக்கல, நானும் வாயைத் திறக்கல. எனக்கா வாய் இல்ல? ஊரே சொல்லும் என் வாயைப் பத்தி. அன்னைக்கு மட்டும் அது எங்க போச்சோ.

உடைஞ்ச விமானத்தைக் கொண்டாந்து கொட்டகை மூலையில போட்டுத் தார்ப்பாயால மூடினாங்க. பதினாறாம் நாள் காலையில பத்து மணிக்கு, அந்தத் தார்ப்பாய்க்கு அடியில இருந்து காத்து புறப்பட்டுச்சு. ஓடுதளத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கீழத்தெருவுல கோடு போட்டாப்புல நேரா போய், தெரு முட்டி நிக்கிற தெருக்குத்து வீடான சார் வீட்டு வாசல்ல நுழைஞ்சு, பட்டாசாலை, அடுப்படி, கொல்லைக்கதவு, கண்மாய், அவ விழுந்த இடம், அதோட நின்னுச்சு. மொதல்ல கண்டது அதே தெரு முத்துச்செல்வி. கொடியில காயப்போட்ட சேலையில நாலு விரக்கடை மட்டும் தனியா படபடன்னு அடிச்சுக்கிட்டு, மிச்சச் சேலை அசையாமத் தொங்குச்சாம். அவ அதை ஒரு நாழி பாத்துட்டு, அந்த இடத்துல பிள்ளையோட ஈரத்துணியை மாத்திப் போட்டுட்டு, உலை வைக்கப் போயிட்டா.

எங்க ஊரு அப்படித்தான். ரெண்டு நாள்ல அந்தக் காத்து எங்களுக்குப் பழகிப்போச்சு. சலூன்காரரு நாற்காலியைத் தெருவுல இழுத்துப் போட்டாரு, முடி வெட்டுறவங்க பிடரியில காத்து படுற மாதிரி. டீக்கடையில கிளாசை ரெண்டு எண்ணுற நேரம் காத்துல காட்டிட்டுக் கையில கொடுப்பாங்க. மிளகாயும் வடகமும் கயித்துல கோத்து வரிசையா தொங்குச்சு. கரண்டு போனா மருந்துக்கடைக்காரரு சர்க்கரை ஊசி மருந்தை மண்பானையில வச்சுக் காத்துக்கு நேரா நிறுத்துவாரு, நாலு ஊர் நோயாளிங்க அதை நம்பித்தான் இருந்தாங்க. குட்டைப் பிள்ளைங்க ஏறி நிக்கக் கல்லு போட்டாச்சு, நெட்டை ஆளுங்க முழங்காலை மடக்கி நின்னாங்க, ஒருத்தருக்கு நூறு எண்ணுற நேரந்தான்னு பஞ்சாயத்துல சொல்லியாச்சு. வழி கேட்டு வர்றவங்களுக்கு காத்துக்குத் தெக்கே மூணாவது வீடு, காத்தைத் தாண்டி ரேசன் கடைன்னு சொல்லப் பழகிட்டோம். பொண்ணு பாக்க வந்த தரகரு, காத்து போற தெருவுல வீடு இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல பீத்திக்கிட்டாரு. வானிலை ஆபீசுல இருந்து வந்தவங்க கிண்ணம் சுத்துற கருவியை நட்டு வச்சுப் பாத்துட்டு, உள்ளூர்க் காற்றுன்னு ஒரு வரி எழுதிட்டு, முடி வெட்டிக்கிட்டுப் போனாங்க.

முத்துச்செல்விக்கு மூணு பிள்ளை தவறி நாலாவதா தங்கின பிள்ளை அது, பொறந்ததுல இருந்து கண்ணை மூடாம கத்தும். அவ வேப்பமரத்துல தொட்டிலைக் காத்துக்குக் குறுக்க கட்டிப் போட்டா. யாரோ நாலு விரலை வச்சுத் தள்ளுற மாதிரி தொட்டில் தானா ஆடும், பிள்ளை அப்படித் தூங்கும். அது தூங்குற அழகைப் பாக்கவே ஆளுங்க வந்தாங்க. நான் மட்டும் அந்தப் பக்கம் போகாம சுத்து வழியாத்தான் வீட்டுக்குப் போவேன்.

காத்து எங்க இருந்து வருதுன்னு ஊருக்குத் தெரியாதா? தெரியும். பூசாரி தார்ப்பாய் மேல ஒரு மாலையைப் போட்டு, சுத்திக் கயிறு கட்டினாரு. உடைஞ்ச விமானத்தைக் காயலான் கடைக்குப் போட முதலாளி லாரி அனுப்பினப்ப, பொம்பளைங்க லாரிக்கு முன்னால படுத்துட்டாங்க. அதை யாரும் தொடக்கூடாதுன்னு பஞ்சாயத்துத் தலைவர் மைக்குல வாசிச்சாரு, எல்லாரும் கை தட்டினோம். உள்ள என்ன மடங்கிக் கிடக்குன்னு யாரும் கேக்கல. கேட்டா பதில் வந்துரும்ல, அதனால கேக்கல. நல்லவங்கதான் எல்லாரும். வெயிலும் கொஞ்ச வெயிலா அது.

ஊருக்கே குளுந்த காத்து சாரை மட்டும் தொடல. அவரு வீட்டு நடுவுலதான் போகுது, ஆனா அவரு எதிர்ல போய் நின்னா ரெண்டாப் பிரிஞ்சு, ரெண்டு கக்கத்துக்கும் வெளியே ஒதுங்கிப் போய், முதுகுக்குப் பின்னாடி திரும்பச் சேந்துக்கும். அவரு உடம்பு வேக ஆரம்பிச்சுது. தொட்டிக்குள்ள இறங்கி உக்காந்தா தண்ணி வெதுவெதுன்னு ஆயிரும். மொதல்ல அவரு கதவிடுக்கு, ஜன்னலிடுக்குக்கெல்லாம் ரப்பர் பட்டை வச்சு, மூலைக்கு மூலை சிவப்புப் பசை தடவி, வீட்டையே எஞ்சின் மாதிரி அடைச்சுப் பாத்தாரு. காத்து சாவி ஓட்டையில நுழைஞ்சு போச்சு, வீடுதான் உலைக்களமாச்சு. வேலையை விட்டுட்டாரு. சாப்பாடு எறங்கல. எனக்கும் ஒண்ணு விட்டு வச்சுது அது: ஒதடு வெடிச்சுக்கிட்டே இருந்துச்சு, தேங்காயெண்ணெய் தடவினாலும், வெண்ணெய் தடவினாலும் வாயைத் திறந்தா ரத்தம். வடிவு கொஞ்ச நாளைக்காவது பேசாம இருக்கட்டும்னு டீக்கடையில கிண்டல் பண்ணாங்க.

எங்க ஊருக்கு வர்ற பஸ்ஸோட கண்டக்டர் குருநாதன் அண்ணாச்சி கூட வேலை பாத்தவரு. அவருதான் ஐப்பசியில சொன்னாரு: அண்ணன் தன் மக படத்தை இன்னும் வீட்டுல மாட்டலையாம். ஃப்ரேம் போட்டு வாங்கி, பீரோவுக்குப் பின்னாடி சுவரைப் பாக்கத் திருப்பி வச்சிருக்காராம். முள்ளைப் பாக்காம வண்டி ஓட்டினவ படத்துக்கு என் வீட்டுல ஆணி கிடையாதுன்னு சொல்றாராம். அவ பேரைச் சொல்லி யாராவது பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவாராம். அதைக் கேட்ட அன்னைக்கு நான் சார் வீட்டுக்குப் போய், நடந்ததை மேலிடத்துக்கு எழுதிப் போட்டுரலாம் சார்னு சொன்னேன். எழுதினா திரும்ப வந்து எஞ்சினைப் பிரிப்பாங்க, இந்தக் காத்து நின்னுரும், ஊரு நம்மளைச் சும்மா விடுமான்னு கேட்டாரு. அதுவும் சரிதான்னு எனக்குத் தோணுச்சு. நாங்க ரெண்டு பேரும் கோழைங்க, ஊரு எங்களுக்கு ஒரு சாக்கு, வேற ஒண்ணும் இல்ல.

வருசம் திரும்பின அன்னைக்கு, பங்குனியில, காலை பஸ்ஸுல குருநாதன் அண்ணாச்சியே வந்து இறங்கினாரு. காக்கி நிறத்துல வெளுத்த சட்டை, கையில ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள அந்த மூணு பேரு எழுதின அறிக்கை. மடிப்பு மடிப்பா கிழிஞ்சு போய், திரும்பத் திரும்ப ஒட்டியிருந்துச்சு. கீழத்தெருவைத் தாண்டும்போது காத்து அவரு நெஞ்சுல பட்டுச்சு. நின்னுட்டாரு. நூறு எண்ணியாச்சு, இருநூறும் எண்ணியாச்சு, யாரும் அவரை ஒதுங்கச் சொல்லல. அந்த முகத்தைப் பாத்ததும் எல்லாருக்கும் யாருன்னு தெரிஞ்சு போச்சு, அதே மூக்கு, அதே நெத்தி.

எஞ்சினியர் வீடு எதுன்னு கேட்டாரு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். சார் வெறும் உடம்போட தரையில கிடந்தவரு, பாத்ததும் எந்திரிச்சு சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அண்ணாச்சி உக்காரல, தண்ணி வாங்கல. தான் சண்டைக்கு வரலைன்னும், ஒரே ஒரு விசயத்தைத் தெரிஞ்சுக்கிட்டுப் போக வந்ததாவும், பொய் சொல்லாம இருந்தாப் போதும்னும் சொன்னாரு. அப்புறம் கேட்டாரு.

"முள்ளு பொய் சொல்லுமா சார்?"

"சொல்லாது," சார் சொன்னாரு. "ஆனா அந்த விமானத்துல முள்ளு மூணாவது சிலிண்டருக்கு மட்டுந்தான். வெந்தது நாலாவது. அதுக்குப் பின்னாடி ரப்பர் பட்டை மடங்கியிருக்கணும், காத்து அது வழியா போயிருக்கும். முள்ளு கடைசி வரைக்கும் பச்சையிலதான் நின்னிருக்கும்."

"அப்ப அவ பாத்துக்கிட்டுத்தான் இருந்தாளா?"

"பிள்ளை பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான்தான் பாக்கல. கை விட்டுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன்."

என் ஒதடு வெடிச்சு ரத்தம் கொட்டுச்சு, கொட்டட்டும்னு நானும் சொன்னேன். "கை விடத்தான் போனாரு அண்ணாச்சி. தடுத்தது நான். சட்டை அழுக்காயிரும்னு சொன்னேன்."

அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. அடிப்பாருன்னு நினைச்சேன், அடிச்சிருந்தா தேவலை.

"நல்ல சட்டையா தங்கச்சி?"

"ஆமா அண்ணாச்சி. நல்ல சட்டை."

அந்தச் சட்டை இருக்கான்னு கேட்டாரு. சார் டிரங்குப் பெட்டியைத் திறந்து அடியில இருந்து எடுத்தாரு, அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் அவரு அதை உடுத்தவே இல்ல, ஒரு பொட்டு அழுக்கு கிடையாது, அந்த வெள்ளையைப் பாக்கவே கண்ணு கூசுச்சு. போட்டுக்கிட்டு வாங்கன்னு அண்ணாச்சி சொன்னாரு. சார் போட்டுக்கிட்டாரு. மூணு பேரும் கொட்டகையைப் பாக்க நடந்தோம், காத்து எங்களுக்கு எதிரா வந்துச்சு.

கொட்டகை வாசல்ல ஊரு நின்னுச்சு. எப்படித் தெரிஞ்சுதோ, எல்லாரும் வந்துட்டாங்க. தலைவர் ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு: போனது போயிருச்சு, அந்தப் பிள்ளையே ஊருக்கு விட்டுட்டுப் போன காத்துன்னு நாங்க நினைச்சுக்கிட்டு இருக்கோம், அவ பேருல வேணும்னா ஒரு மண்டபம் கட்டுறோம், தார்ப்பாய்க்குள்ள இருக்கிறதை மட்டும் தொட வேண்டாம். மருந்துக்கடைக்காரரு ஊசி மருந்தைச் சொன்னாரு. அதுல ஒண்ணும் பொய் இல்ல. முத்துச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால வந்தா, இடுப்புல பிள்ளை.

"என் பிள்ளை தூங்கணும்யா," அவ சொன்னா.

அண்ணாச்சி அந்தப் பிள்ளைகிட்டப் போனாரு. அதோட காலைத் தொட்டாரு.

"என் பிள்ளையும் தூங்கணும்மா."

கூட்டம் விலகுச்சு. நான் கயித்தை அவுத்து, மாலையை எடுத்து ஓரமா வச்சு, தார்ப்பாயை இழுத்தேன். விமானத்து மூஞ்சி நசுங்கிக் கிடந்துச்சு, வலது வாய் மூடிப்போயிருச்சு, இடது வாய் மட்டும் ஒரு கை நுழையிற அளவுக்குத் திறந்திருந்துச்சு. சார் பட்டனைக் கழட்டிக் கையை மடிக்கப் போனாரு. மடிக்காதீங்கன்னு அண்ணாச்சி சொன்னாரு. சார் அப்படியே, அந்த வெள்ளைச் சட்டையோட, தோள்பட்டை வரைக்கும் கையை உள்ள விட்டாரு. கண்ணை மூடிக்கிட்டாரு, வாயைத் திறந்துக்கிட்டாரு. ஒரு வருசத்துக்கு முந்தி பஸ் ஆரன் கேட்டப்ப செஞ்சிருக்க வேண்டியதை, செத்துப்போன எஞ்சினுக்குள்ள இப்ப செஞ்சாரு. தடவினாரு, தடவினாரு, அவரு கை எங்க நின்னுச்சுன்னு முகத்துலயே தெரிஞ்சுச்சு. மடங்கிக் கிடந்த பட்டையை நாலு விரலால பிடிச்சு முன்னால இழுத்து விட்டாரு. நின்ன இடத்துலயே குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

காத்து நின்னு போச்சு.

சத்தமே இல்ல. தெருவுல கயித்துல ஆடிக்கிட்டிருந்த மிளகாயெல்லாம் தொங்கிப் போறது அங்க இருந்தே தெரிஞ்சுச்சு. சாரோட கை வெளியே வந்துச்சு, கக்கம் வரைக்கும் கரி, எண்ணெய், பழைய சூட்டுல பொசுங்கின ரப்பர். அண்ணாச்சி அந்தக் கையைப் பாத்தாரு. தமயந்தின்னு ஒரு தடவை சொன்னாரு, கூப்பிடுற மாதிரி இல்ல, பஸ்ஸுல ஊர் பேரு சொல்ற மாதிரி. அப்புறம் சட்டையைக் கழட்டிக் கொடுக்கச் சொல்லி வாங்கி, மடிச்சு, அறிக்கை இருந்த கவருக்குள்ளயே வச்சுக்கிட்டாரு. மன்னிச்சேன்னு சொல்லல. சொல்லுவாருன்னு நாங்களும் நிக்கல. மதிய பஸ்ஸுல டிரைவருக்குப் பின் சீட்டுல ஏறி உக்காந்து போயிட்டாரு.

நான் கீழத்தெருவுக்கு வரும்போது வெயில் மண்டையைப் பிளந்துச்சு. தொட்டிலுக்குள்ள பிள்ளை முழிச்சுக்கிட்டு வீல் வீல்னு கத்துச்சு. நான் போய்க் கயித்தைப் பிடிச்சு ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழிச்சு முத்துச்செல்வி வந்தா, என் கையில இருந்து கயித்தை வாங்கிக்கிட்டா. அன்னையில இருந்து ஊர்ல யாரும் என்கிட்டப் பேசுறதில்ல, டீக்கடையில கிளாசை வச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிடுவாங்க. சார் உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, லைசென்சையும் சேத்து மேல அனுப்பிட்டாரு, ஒரு பதிலும் வரல. அவரு உடம்பு குளுந்துருச்சு, ஆனா ஆளு கொல்லைக்கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கண்மாயைப் பாத்தே உக்காந்திருக்காரு. என் ஒதடு ஆறிப்போச்சு.

வைகாசியில கண்டக்டர் எனக்காகப் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடுதளம் வரைக்கும் நடந்து வந்து சொல்லிட்டுப் போனாரு. அண்ணன் படத்தை மாட்டிட்டாராம். மாலை போடலையாம். படத்துக்குக் கீழ இன்னொரு ஆணி அடிச்சு, அந்த வெள்ளைச் சட்டையைத் தொங்க விட்டிருக்காராம், துவைக்காம.